பாக்கி இருக்கும் பாதிப் பாட்டு

தெய்வசிகாமணிக்கு முதலில் துரோகம் செய்தவர் அவருடைய சம்பந்தி கலியபெருமாள். அவருக்குப் பிறகும் துரோகம் செய்தவர்கள் உண்டு. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்ட பக்கத்துக் கொல்லைக்காரன், கை காட்டியும் நிறுத்தாமல் போன பஸ் டிரைவர், அம்மன் திருவிழா நோட்டீஸில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு அவரைத் தெய்வசிமணி ஆக்கிய அச்சாபீஸ்காரர் என்று வரிசை நீளம். ஆனால் அவர்களையெல்லாம் அவர் மனசுக்குள் பின்வரிசையில்தான் உட்கார வைத்திருந்தார். முன்வரிசையில் தனி நாற்காலி போட்டு, மகள் வளர்மதியின் கல்யாணத்தன்று காலையிலிருந்து எழுந்திருக்கவே விடாமல் உட்கார வைத்திருந்தது கலியபெருமாளை மட்டும்தான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். பண்ருட்டிக்குக் கிழக்கே செம்மண் காட்டில் இருக்கும் கொளஞ்சிப்பட்டில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஓமப் புகை கண்ணைக் கரிக்க, தாலி கட்டக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நாயனக்காரர் பெண்ணைப் பெற்றவரிடம் வந்து, என்ன வாசிக்கட்டும் என்று மரியாதைக்குக் கேட்டார். தெய்வசிகாமணிக்கு ராகம் தெரியாது, பாட்டுக்குப் பெயர் தெரியாது, பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றதோடு சரி. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இதுவரைக்கும் யாரும் கேட்காத பாட்டா ஒண்ணு வாசிங்க."

நாயனக்காரர், "எல்லாரும் கேட்டதையேதான் கேட்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்காததைக் கேக்கிறீங்க" என்று சிரித்துவிட்டு, சீவாளியை நாக்கில் நனைத்து ஆரம்பித்தார்.

அந்தப் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற ஆள்போல ஒவ்வொரு படியாக, நின்று நின்று, மூச்சு வாங்கி மேலே வந்தது. பந்தலில் பேச்சு நின்றது. சாம்பார் வாளியோடு போனவன் வாளியோடு நின்றான். தெய்வசிகாமணிக்குத் தன் செத்துப்போன அம்மாவும், வெயிலும், முந்திரிப்பூ வாசனையும், இன்னும் நடக்காத ஏதோ ஒரு நல்ல காரியமும் சேர்ந்து நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. பாட்டு கடைசிப் படிக்கு வந்து காலைத் தூக்கியது. தூக்கிய காலை வைக்கப் போகிற நேரத்தில் கலியபெருமாள் வலது கையின் ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்தினார்.

கலியபெருமாள் கரும்பு ஆலை வாசலில் மாட்டுவண்டிகளையும் டிராக்டர்களையும் வரிசையில் நிறுத்துகிற வேலை பார்த்தவர். அவர் விரல் தூக்கினால் மாடு நிற்கும், கத்தினால் டிராக்டர் நிற்கும். நாயனம் மட்டும் நிற்காமலா இருக்கும்? கெட்டிமேளம் என்று சொல்லிவிட்டால் எந்தப் பாட்டானாலும் அந்த இடத்திலேயே வெட்டிப் போட்டுவிட்டு, அழுகையோ தும்மலோ ஆகாத சொல்லோ யார் காதிலும் விழாதபடி, கூரை இடிந்து விழுகிற மாதிரி தவிலை முழக்க வேண்டும். முழக்கினார்கள். மாப்பிள்ளை தாலி கட்டினான். எல்லாரும் அட்சதை போட்டார்கள். தெய்வசிகாமணி மட்டும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்கிய காலோடு நின்றார்.

பந்தி முடிந்ததும் சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏன் பாதியில நிறுத்தினீங்க?"

"நீங்க தும்மினீங்க சம்பந்தி. தாலி கட்டுற நேரத்துல பொண்ணைப் பெத்தவரே தும்மினா நல்லாவா இருக்கும்? அதை மறைக்கத்தான் மேளம் சொன்னேன்."

"நான் தும்மலையே."

"என் தோள்ல தெறிச்சுது."

"தும்மினது பந்தக்கால்ல கட்டியிருந்த கன்னுக்குட்டி."

"கன்னுக்குட்டி வெத்தலை போடுமா? சட்டையில செவப்பா இருக்கு பாருங்க" என்று கலியபெருமாள் தோளைக் காட்டினார். தெய்வசிகாமணி அதைப் பார்க்க மறுத்துவிட்டார்.

நாயனக்காரரிடம் ஓடினார். அவர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டே, "அது அந்த நேரத்துக்கு வந்ததுங்க. மேளம் விழுந்ததும் மீதி பயந்துகிட்டு உள்ளேயே போயிடுச்சு" என்றார். கொஞ்ச நாளில் மலேசியாவில் ஒரு கோயிலுக்கு வாசிக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

ஆக, கலியபெருமாள் தெய்வசிகாமணிக்குப் பாதிப் பாட்டு தர வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து தெய்வசிகாமணி முதல் பாதியை முனகிக்கொண்டே திரிந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது முனகுவார், சாப்பிட்டுக் கை கழுவும்போது முனகுவார், சரியாக அந்தக் கடைசிப் படியில் வந்து நின்றுவிடுவார். அவர் மனைவி அஞ்சலாட்சி அந்த இடம் வரும்வரை எதுவும் பேசமாட்டாள். நின்றதும், "ஆச்சா, உப்பு போதுமா சொல்லுங்க" என்பாள். மீதிப் பாதியைத் தேடி அவர் போகாத இடமில்லை. ரேடியோவில் தெரியாத பாஷைக்காரர்கள் பாடுவதைக் கேட்டார். பாட்டு வைத்த பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினார். பத்திரிகை வைக்காத கல்யாணங்களுக்கெல்லாம் போய்ச் சாப்பிடாமல் நாயனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். சாப்பிடாமல் போகிறாரே, நம்மேல் என்ன கோபமோ என்று அந்த வீட்டுக்காரர்கள் பயந்தார்கள். வளர்மதியின் மகள் இளமதி வளர்ந்து பெரியவளாகி, போனுக்கு முன்னால் முனகினால் அது எந்தப் பாட்டென்று போனே கண்டுபிடித்துவிடும் என்றாள். முனகினார். போன் வட்டம் சுற்றி யோசித்துவிட்டு, ஒரு கொசுவத்தி விளம்பரத்தைக் காட்டியது.

"கிட்டத்தட்ட அப்படித்தான் தாத்தா இருக்கு" என்றாள் இளமதி. போனும் பின்வரிசையில் போய் உட்கார்ந்தது.

இளமதிக்கு மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் செய்த வருஷம், வைகாசிக் கடைசியில் கொளஞ்சிப்பட்டில் பலாப்பழங்கள் பாட ஆரம்பித்தன.

முதலில் பாடியது எதிர்வீட்டுப் பூங்காவனத்தின் மரத்துப் பழம். அவள் மரத்தடியிலேயே சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவி, பழத்தில் கத்தியை வைத்து அழுத்தியதும் உள்ளேயிருந்து ஒரு பாட்டு வந்தது. யாரும் எங்கேயும் கேட்காத பாட்டு. கத்தியை நிறுத்தினால் பாட்டும் நின்றது, இழுத்தால் தொடர்ந்தது, பழம் முழுக்கப் பிளந்ததும் முடிந்தது. கையெல்லாம் எண்ணெயும் பாலுமாக இருந்ததால் பூங்காவனம் எழுந்து ஓடவில்லை. முழுக்க அறுத்து முடித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அஞ்சலாட்சியிடம், "பாட்டு பரவாயில்லக்கா. சடைதான் அதிகம், சுளை கம்மி" என்றாள்.

ஏன் பாடுகின்றன என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை, பழுத்த பழம் காத்திருக்காது. எப்படிப் பாட வைப்பது என்பதைத்தான் ஊர் கற்றுக்கொண்டது. தன் மரத்து நிழலில் வைத்து அறுத்தால்தான் பழம் பாடும். வேகமாக அறுத்தால் குத்துப்பாட்டு, மெதுவாக அறுத்தால் தாலாட்டு. சுளையைத் தின்றவர் தொண்டையில் அந்தப் பாட்டு மறுநாள் குளிக்கும்வரை தங்கும். சுளையைச் சுற்றியிருக்கும் நார்ச்சடையைத் தின்றால் வெறும் முனகல்தான் வரும். கொட்டையைச் சுட்டுத் தின்றவர்களுக்குப் பாட்டு வரவில்லை, தாளம் மட்டும் வந்தது. அது தொண்டையிலிருந்து வரவில்லை என்பதால் அவர்களைத் தனியாக உட்காரச் சொன்னார்கள். தோலைத் தின்ற ஆடுகள் சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரே சுருதியில் கத்திக்கொண்டு வந்தன.

எப்போதும் பழத்தை விரலால் தட்டிப் பழுத்துவிட்டதா என்று பார்ப்பவர்கள், இப்போது தட்டிவிட்டுக் காதை வைத்தார்கள். உள்ளே இருக்கிற பாட்டின் முதல் நாலு சுரம் லேசாகத் திருப்பித் தட்டும். அதைக் கேட்டு, இது கல்யாணத்துக்கு, இது காதுகுத்துக்கு, இது அம்மனுக்கு என்று மரத்திலேயே சுண்ணாம்பால் குறி போட்டார்கள். ஒரு சாவு வீட்டுக்குப் பக்கத்துக் கொல்லையில் யாரோ தட்டிப் பார்க்காமல் ஒரு பழத்தை அறுக்க, பொல்லாத குஷியான பாட்டு கிளம்பி, செத்தவரின் தம்பி எழுந்து ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டு அப்புறம் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அழுதார். அண்ணனுக்கு அது பிடித்திருக்கும் என்று அவரே சொன்னதால் ஊர் அதைப் பெரிதாக்கவில்லை. சென்னையிலிருந்து பாட்டுக்காரர்கள் காரில் வந்து மூட்டை மூட்டையாகப் பழம் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரத்து நிழலைக் காரில் ஏற்ற முடியவில்லை. போனில் பதிவு செய்தவர்களுக்குக் கத்திச் சத்தம் மட்டும் கிடைத்தது. அதனால் ரெண்டு பேர் மரத்தடியிலேயே தின்று தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்து, ஏழெட்டுப் பாட்டோடும் தாங்க முடியாத வயிற்று வலியோடும் ஊர் திரும்பினார்கள்.

எல்லார் வீட்டு மரமும் பாடியது, தெய்வசிகாமணி வீட்டு மரத்தைத் தவிர. அது வளர்மதி கல்யாணப் பந்தியில் யாரோ துப்பிய கொட்டை, சமையல் பந்தலுக்குப் பின்னால் தானாக முளைத்தது. அவர் அதை வைக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. ஒவ்வொரு பழமாக அறுத்துப் பார்த்தார், சுளை தேனாக இருந்தது, சத்தம் இல்லை.

"மரமும் சம்பந்தி பக்கம் சேர்ந்துடுச்சு" என்றார்.

"சும்மா இருங்க. உச்சியில ஒண்ணு இருக்கு, அதைத் தட்டிப் பாருங்க" என்றாள் அஞ்சலாட்சி.

ஏணி போட்டு ஏறினார். கிளைக்கும் தண்டுக்கும் நடுவில், யார் கண்ணிலும் படாமல், கைக்குழந்தை அளவுக்கு ஒரு காய் இருந்தது. தட்டினார். உள்ளேயிருந்து திரும்பத் தட்டியது. ஒரு படி, இன்னொரு படி, மூச்சு வாங்கல், அடுத்த படி. தெய்வசிகாமணி ஏணியில் நின்றபடியே முதல் பாதியை முனகி முடித்துத் தூக்கிய காலோடு நின்றார். கீழே நின்ற அஞ்சலாட்சி, "காலை வைங்க, ஏணியில நிக்கிறீங்க" என்றாள்.

அந்தக் காய் ஆனி முகூர்த்தத்துக்குப் பழுக்கும் என்று கணக்காகத் தெரிந்தது, இளமதியின் முகூர்த்தமும் அதே நாள். கலியபெருமாள் வீட்டார் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியிருந்தார்கள். இளமதி தன் அப்பா வழித் தாத்தாவிடம் போய் நின்றாள்.

"அந்தத் தாத்தா முனகுறதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்துட்டேன். மீதியைக் கேக்காம நான் கழுத்தை நீட்ட மாட்டேன். கல்யாணம் அந்த மரத்தடியிலதான்."

"தும்மினது அவரு. அலையறது நாங்களா?" என்றார் கலியபெருமாள். ஆனாலும் பேத்தி முகத்தைப் பார்த்து, "சரி, கேட்டுத் தொலைப்போம்" என்றார்.

தெய்வசிகாமணி இந்த முறை எதையும் விட்டுவைக்கவில்லை. ஓம குண்டத்தைக் காற்று போகிற திசை பார்த்துக் கொல்லையின் கடைசிக்குத் தள்ளினார். ஐயர் ரெண்டு பக்கமும் நடந்து நடந்து கால் வலிக்கிறது என்றார். மிளகாய் வதக்கக் கூடாது என்று சமையல்காரரிடம் சத்தியம் வாங்கினார். மூக்குப்பொடி போடுகிறவர்களைப் பூங்காவனம் வீட்டில் உட்கார வைத்தார். கன்றுக்குட்டிகளைப் பக்கத்து ஊருக்கு ஓட்டினார். கலியபெருமாள் வந்து இறங்கியதும், கட்டிப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்த் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, தன் வாயிலும் வெற்றிலை போட்டுக்கொண்டு, அவருக்கும் தன் கையாலேயே மடித்துக் கொடுத்தார். ஒன்று, அது உள்ளே போவதற்குள் இன்னொன்று, அதற்கு மேல் பாக்கு, அதற்கும் மேல் ஒரு மடிப்பு.

"என்னா சம்பந்தி, புதுசா இவ்வளவு உபசாரம்" என்று கேட்க நினைத்த கலியபெருமாளால் "ம்ம்ம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

"அப்படியே இருங்க. துப்பக் கூடாது, முழுங்கவும் கூடாது. பாட்டு முடியட்டும்."

வாயை அடைத்தாயிற்று. விரலும் இருக்கிறதே என்று ஞாபகம் வந்து, சம்பந்தியின் வலது கையையும் தன் இடது கையால் பிடித்துக்கொண்டார். ரெண்டு கிழவர்கள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு வழியாகச் சமாதானம் ஆகிவிட்டது என்று வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் காட்டி ஆசீர்வாதம் வாங்கி, மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். பாட்டு முடிந்ததும் மேளம், மேளம் கேட்டதும் தாலி என்று ஏற்பாடு. பூங்காவனம் எண்ணெய்க் கையோடு மரத்தடியில் உட்கார்ந்து கத்தியை வைத்தாள்.

பாட்டு ஏறியது. அதே பாட்டு. மலேசியாவுக்குப் போன நாயனக்காரர் அங்கே எந்தக் கோயிலில் இருந்தாரோ, அவருக்குப் புரை ஏறியிருக்கும், அப்படி அதே மூச்சு, அதே படி. பந்தலில் தெரியாதவர்களும் தெரிந்தவர்கள் மாதிரி தலையாட்டினார்கள், அவர்களுக்கு அது தெய்வசிகாமணியின் முனகலாகப் பழகிய பாட்டுதான். கிணற்றுக்குள்ளிருந்து வந்த ஆள் கடைசிப் படிக்கு வந்து காலைத் தூக்கினான். காலை வைத்தான்.

வைத்தது ஒரே ஒரு சுரம். அந்தச் சுரம் இறங்கும் என்று தெய்வசிகாமணி இத்தனை வருஷமும் நினைத்திருந்தார், அது பக்கவாட்டில் போனது. அங்கே ஒரு படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணில் வந்த தண்ணீர் மூக்குக்கு இறங்கியது. மூக்கில் இறங்கியது உள்ளே போய்க் குறுகுறுத்தது. மூக்கைப் பொத்துவதற்காக அவர் இடது கையை எடுத்தார்.

தும்மினார். கொல்லைக் கடைசியில் இருந்த ஐயருக்கே கேட்டது.

கலியபெருமாளின் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியும் இருக்கவில்லை. விடுபட்ட விரல், அதற்குப் பழக்கமான உயரத்துக்குத் தானாகப் போய் நின்று ஆடியது. தவில்காரர்கள் பார்த்தது விரலை மட்டும்தான். கூரை இடிந்து விழுந்தது. மேளம் கேட்டதும் தாலி என்று சொல்லி வைத்திருந்தபடி மாப்பிள்ளை தாலியைக் கட்டினான். மேளச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டுப் பூங்காவனம் கத்தியை ஒரே இழுப்பாக இழுக்க, பழம் இரண்டாகப் பிளந்து மல்லாந்தது. உள்ளே இருந்தது எதுவோ அது மேளத்துக்குள் போய்விட்டது. எல்லாரும் அட்சதை போட்டார்கள்.

மேளம் நின்றதும் கலியபெருமாள் எழுந்து போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்து, தன் தோளைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தடவை கன்னுக்குட்டி இல்ல சம்பந்தி."

தெய்வசிகாமணி அந்தத் தோளைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"தும்மல் யாருதுன்னு அப்புறம் பேசிக்கலாம். விரல் யாரோடது?" என்றார்.

கலியபெருமாள் தன் விரலைப் பார்த்தார். அதை மடக்கிக்கொண்டார்.

சுளையைத் தின்றால் மீதி தொண்டைக்கு வருமே என்று அஞ்சலாட்சி ஞாபகப்படுத்தினாள். பந்தி போடுமுன் அந்தப் பழத்தை ஆளுக்கொரு சுளையாக எல்லாருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தின்றவர்கள் முனகினார்கள். கிணற்றிலிருந்து ஏறினார்கள், கடைசிப் படிக்கு வந்தார்கள், பக்கவாட்டில் ஒரே ஒரு சுரம் வைத்தார்கள், அதற்கு மேல் அத்தனை பேரும் வாயாலேயே "டமடம டமடம" என்று முழக்கினார்கள். இளமதி முழக்கினாள். மாப்பிள்ளை முழக்கினான். மேளக்காரர்கள் தங்கள் வாசிப்பு இவ்வளவு சரியாக வந்திருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் எல்லாரும் குளித்தார்கள், ஆனாலும் அந்தப் பாட்டு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் கொளஞ்சிப்பட்டுப் பக்கம் முந்திரி பொறுக்குகிறவர்கள் அதை முனகுவார்கள், நடுவில் மேளம் அடித்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார்கள்.

சாயங்காலம் வண்டி ஏறும் நேரத்தில் தெய்வசிகாமணி அந்தப் பழத்தின் கொட்டைகளைத் துண்டில் முடிந்துகொண்டுவந்து கலியபெருமாளின் மடியில் வைத்தார்.

"உங்க கொல்லையில வைங்க. உங்க மரத்து நிழல்ல வெட்டித்தான் எனக்கு மீதி வரணும்."

"பலா காய்க்கிறதுன்னா எவ்வளவு காலம் ஆகும். எனக்கு சக்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, போன மாசம்கூட மயங்கி விழுந்தேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாக்கி வச்சுட்டுப் போயிடலாம்னு மட்டும் பார்க்காதீங்க."

கலியபெருமாள் முடிச்சை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தும்மினது நீங்க என்று மெதுவாகச் சொன்னார். வண்டி கிளம்பிவிட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தெய்வசிகாமணி சம்பந்திக்குப் போன் செய்கிறார். கொசுவத்தி விளம்பரம் காட்டிய அதே போன்தான், இளமதி போகும்போது கொடுத்துவிட்டுப் போனது.

"கன்னு எப்படி இருக்கு?"

"ரெண்டு இலை விட்டிருக்கு."

"தண்ணி ஊத்துறீங்களா?"

"ஊத்துறேன்."

"மாத்திரை போடுறீங்களா?"

"போடுறேன், போடுறேன்."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

"இருங்க" என்பார் தெய்வசிகாமணி. "பாதிப் பாட்டு பாக்கி இருக்கு."